மூட்டை கட்டத் தெரிந்த ஜனாதிபதி: தியோடர் ரூஸ்வெல்ட்டும் அவரது ஆப்பிரிக்க வேட்டையும்

நம் சங்கத்தின் ஆண்டு மலரில் பெரியார் ஒருவரின் வரலாறு இடம்பெறுவது நெடுநாளைய வழக்கம். புலவர்களைப் பற்றியும் தேசபக்தர்களைப் பற்றியும் எழுதுவதற்கு என்னினும் கற்றோர் இக்காலனியிற் பலர் உளர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே பார்சல் அலுவலகத்தில் அமர்ந்துவிட்ட எனக்குத் தெரிந்த கலையெல்லாம் மூட்டையை நிறுப்பதும், சீட்டு ஒட்டுவதும், சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ப்பதுமே. ஆகவே, மூட்டை கட்டுவதில் வல்லவராயிருந்த ஒரு பெரியாரைத் தேர்ந்துகொண்டேன். அவர் வேட்டைக்காரர். புலால் உண்ணாத அன்பர்கள் முகஞ்சுளிக்காமல் இறுதிவரை படிக்க வேண்டுகிறேன். எனக்கும் அவர்மீது ஒரு வழக்கு உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

ரூஸ்வெல்ட் என்றதும் நம்மவர் பலருக்கு நினைவில் எழுபவர் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். யான் கூற வந்தவர் அவருக்கு முற்பட்டவர். தூரத்து உறவினர். பிராங்க்ளினின் மனைவியார் எலினார், இத்தியோடரின் சொந்தத் தம்பி மகளே ஆவார்.

தியோடர் ரூஸ்வெல்ட் 1858ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் நியூயார்க் நகரில் செல்வக் குடியொன்றில் பிறந்தார். செல்வம் இருந்ததேயன்றி உடல்நலம் இல்லை. இரவெல்லாம் மூச்சிழுப்பு நோயால் வருந்துவார். தலையணைகளை அடுக்கி அவற்றின்மேல் சாய்ந்தே உறங்க வேண்டியிருந்தது. மூளை இருக்கிறது, அதனைச் சுமக்கும் உடலை நீயே ஆக்கிக்கொள்ள வேண்டுமெனத் தந்தையார் அறிவுறுத்தினார். சிறுவனும் அன்று தொடங்கி இரும்பைத் தூக்கியும், கயிற்றில் ஏறியும், குத்துச்சண்டை பயின்றும் தன் உடலைத் தானே சமைத்துக்கொண்டான்.

13 வயதில் அவருக்கு முதல் துப்பாக்கி கிடைத்தது. தோழர்கள் குறிவைத்துச் சுடும் பறவைகள் இவர் கண்ணுக்கே புலப்படவில்லை. தொலைவிலிருந்த விளம்பரப் பலகையொன்றைத் தோழர்கள் உரக்கப் படித்தபோது, அப்பலகையில் எழுத்து இருப்பதே தமக்குத் தெரியவில்லை என்பதை உணர்ந்தார். தந்தையாரிடம் சொல்லிக் கண்ணாடி வாங்கி அணிந்த பின்னரே, உலகம் எத்துணை அழகியது என்று கண்டார். அண்மையில் நாற்பதைக் கடந்து வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்ட யான் இந்நிகழ்ச்சியைப் படித்தபோது, அச்சிறுவனை என் அருகில் அமர்ந்திருப்பவனாகவே உணர்ந்தேன்.

பறவைகளைச் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, பெயரெழுதி வைப்பது அவருக்கு இளமைப் பித்து. 1872ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் குடும்பத்தோடு எகிப்து சென்று நைல் நதியிற் படகில் வாழ்ந்தபோதும் அதே வேலைதான். விலங்குநூல் புலவராக வேண்டுமென்று எண்ணியவர் ஹார்வர்டில் பயின்று, பின்னர் அரசியலுக்குத் திரும்பினார். 1884ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், ஒரே வீட்டில் ஒரே நாளில் அவருடைய தாயாரும் இளமனைவியும் மறைந்தனர். அத்துயரத்தை ஆற்றிக்கொள்ள டகோட்டாப் புல்வெளிக்குச் சென்று மாட்டுப் பண்ணை நடத்தினார். ஆங்கே எருமையினத்தைச் சேர்ந்த பைசன் என்னும் விலங்கு கூட்டங்கூட்டமாகச் சுட்டழிக்கப்பட்டு, எலும்புக் குவியலாய்க் கிடந்த காட்சியைக் கண்ணாரக் கண்டார். வேட்டைக்காரராகிய அவரிடத்தே காடு காக்கும் எண்ணம் வேரூன்றியது அங்குத்தான் என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர்.

அவர் அரசியல் உயர்வை விரித்தால் மலரின் பக்கங்கள் போதா. 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜனாதிபதி மக்கின்லி சுட்டுக் கொல்லப்பட, துணை ஜனாதிபதியாயிருந்த இவர் 42ஆம் வயதில் ஜனாதிபதியானார். ருஷ்ய-ஜப்பானியப் போரை நிறுத்திவைத்தமைக்காக 1906இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். தம் பதவிக் காலத்தில் 150 தேசியக் காடுகளையும், 51 பறவைப் புகலிடங்களையும், 5 தேசியப் பூங்காக்களையும் ஏற்படுத்தினார். இச்செய்தியை மட்டும் அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னே வரும் துப்பாக்கிக் கதைக்கு இது தேவை.

பதவிக் காலம் 1909 மார்ச் 4ஆம் நாள் முடிய இருந்தது. முடிந்தவுடன் ஆப்பிரிக்கா செல்வது என்று ஓராண்டுக்கு முன்னரே உறுதி செய்துவிட்டார். வெள்ளை மாளிகையில் இருந்தவாறே கடிதங்கள் பறந்தன. ஆப்பிரிக்க வேட்டையில் பெயர்பெற்ற பிரெடெரிக் செலூஸ் என்னும் ஆங்கிலேயருக்கும், எட்வர்ட் நார்த் பக்ஸ்டன் என்பாருக்கும் அவர் விடுத்த வினாக்களை நோக்கின், பெண்ணுக்கு வரன் பார்க்கும் தந்தை போல அவர் விசாரித்திருக்கிறார் என்றே சொல்லலாம். எந்த மாதம் மழை, எத்தனை ஆள் தேவை, எத்தகைய கூடாரம், எந்த மருந்து, எல்லாவற்றிற்கும் மேலாக எந்தத் துப்பாக்கி!

துப்பாக்கியைத் தொட்டுமறியாத எழுத்தன் யான். ஆயினும் இப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்ததில் ஓரளவு விளங்கியதை எழுதுகிறேன். மான் முதல் யானை வரை எல்லாவற்றிற்கும் ஒரே துப்பாக்கி உதவாது. சமவெளியில் மேயும் மான் 200, 300 கஜத்துக்கு அப்பால் நிற்கும். அதற்குச் சிறிய ரவை, மிகு வேகத்தோடு நேராகப் பறந்து செல்ல வேண்டும். சிங்கம் அருகில் வந்து பாய்வது. அதற்குக் கனமான ரவை வேண்டும். அது மட்டுமன்று, அடுத்தடுத்து விரைந்து சுடவும் இயல வேண்டும். யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் தோலும் எலும்பும் தடித்தவை. உடலினுள்ளே நெடுந்தூரம் ஊடுருவிச் செல்லும் பெரும் ரவையே அவற்றை நிறுத்தும். ரவையிலும் இருவகை உண்டு. முனையில் ஈயம் தெரிய விட்டது, பட்டவுடன் விரிந்து பெரும் புண் செய்வது. அது சிங்கத்துக்கு ஏற்றது. முழுவதும் உலோகக் கவசம் போர்த்தது, விரியாமல் துளைத்துச் செல்வது, அது யானைக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டவன் வீடு திரும்பான்.

இவ்வாறு ஆராய்ந்து ரூஸ்வெல்ட் மூன்று ரைபிள்களை அமைத்துக்கொண்டார். முதலாவது அமெரிக்கப் படையினர் ஏந்திய ஸ்பிரிங்ஃபீல்ட், 0.30 அங்குல வாய்; அதன் மரக்கட்டையைத் தம் தோளுக்கு ஏற்பத் திருத்திச் செய்வித்தார். இரண்டாவது வின்செஸ்டர் தொழிற்சாலையின் 1895ஆம் ஆண்டு மாதிரி, 0.405 அங்குலம். விரலடியில் உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தானே ஏறும். அதன் ரவை ஏறத்தாழ 19 கிராம் நிறையுடையது. சிங்கத்துக்கு இதுவே தமக்கு ராசியான துப்பாக்கியென்று அவர் கருதினார். இதன் காண்குறிகள் தம் கண்ணுக்கு ஒத்தவாறு அமைய வேண்டுமென்று தொழிற்சாலையாரோடு நடத்திய கடிதப் போக்குவரத்து, ஒரு நாட்டின் ஜனாதிபதி நடத்தியதென்று நம்பவே இயலாத அளவு நுணுக்கமானது.

அதற்குக் காரணம் உண்டு. வெள்ளை மாளிகையில் இளம் படை அதிகாரி ஒருவரோடு குத்துச்சண்டை பழகுகையில் இடக்கண்ணில் அடிபட்டு, நாளடைவில் அக்கண்ணின் பார்வையே போய்விட்டது. இதனை 1917 வரை அவர் வெளியிடவில்லை. குறி பார்ப்பது வலக்கண்ணால் ஆதலின் சுடுவதற்குத் தடையில்லை. ஆனால் அவ்வலக்கண்ணும் கிட்டப்பார்வையுடையது. ஒற்றைக் கண்ணும் அதன்மேல் ஒரு கண்ணாடியுமாகச் சிங்கத்தை எதிர்நோக்கப் புறப்பட்டவர், காண்குறியைப் பற்றிக் கடிதம் எழுதாமல் வேறென்ன செய்வார்? கண்ணாடி உடைந்தால் வேட்டையும் உயிரும் ஒருங்கே போம் என்பதால், பல ஜோடிக் கண்ணாடிகளைப் பெட்டிகளில் பிரித்து வைத்துக்கொண்டார். தாம் குறிதவறாது சுடுபவர் என்று அவர் ஒருபோதும் பெருமை பேசியதில்லை. நன்றாகச் சுடுவதில்லை, ஆனால் அடிக்கடி சுடுவதுண்டு என்று தம்மைத்தாமே எள்ளுவது அவர் வழக்கம்.

மூன்றாவது துப்பாக்கியே இக்கதையின் நடுநாயகம். லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனியார் செய்த இரட்டைக் குழல் ரைபிள். 480 கிரெயின், அதாவது சுமார் 31 கிராம் நிறையுள்ள ரவை. இரண்டு குழலுக்கும் இரண்டு விசைகள் தனித்தனியே உண்டு. ஒன்று பழுதாயினும் மற்றொன்று வெடிக்கும்; கண்ணிமைப்பொழுதில் இரண்டு முறை சுடலாம். யானையின் எதிரே நிற்பவனுக்கு அவ்விரண்டாவது வெடியே ஆயுள். இதனை அவர் விலை கொடுத்து வாங்கவில்லை. பக்ஸ்டன் முன்னின்று திரட்ட, ஆங்கில நாட்டின் விலங்கியலாரும் வேட்டைப் பிரியருமாக ஐம்பதுக்கு மேற்பட்டோர் பணம் சேர்த்துப் பரிசளித்தனர். எதற்காக? தேசியப் பூங்காக்களும் காப்புக் காடுகளும் அமைத்து அருகிவரும் விலங்கினங்களைக் காத்தமைக்காக! பக்ஸ்டன், பிரிட்டிஷ் பேரரசின் வனவிலங்குகளைக் காப்பதற்கென 1903இல் தோன்றிய சங்கத்தை நிறுவியவர். விலங்கைக் காத்தவருக்கு விலங்கு காப்போர் யானைத் துப்பாக்கி பரிசளித்தனர். அக்காலத்தில் இதனை எவரும் முரண்பாடாகக் கருதவில்லை.

ஃபாக்ஸ் கம்பெனியின் 12ஆம் எண் சிதறுகுண்டுத் துப்பாக்கியொன்றும் உடன் சென்றது. மகன் கெர்மிட்டுக்கு வயது 19; ஹார்வர்ட் படிப்பை இடையில் நிறுத்திவிட்டுத் தந்தையோடு சேர்ந்துகொண்டார். அவருக்கு இரண்டு வின்செஸ்டர்களும் ரிக்பி கம்பெனியின் இரட்டைக் குழலும். குத்துச்சண்டை வீரர் ஜான் சல்லிவன் அளித்த, தங்கப்பூண் கட்டிய முயற்கால் ஒன்றும் ரூஸ்வெல்ட்டின் சட்டைப்பையில் இருந்தது. தாயத்து நம் நாட்டுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டா.

இனி, என் தொழிலுக்குரிய பகுதிக்கு வருகிறேன். இப்பயணம் வெறும் வேட்டையன்று. வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கு விலங்குகள் சேகரிப்பதற்காக அது அமைந்தது. எட்கர் மியர்ன்ஸ், எட்மண்ட் ஹெல்லர், ஆல்டன் லோரிங் என்ற மூன்று இயற்கைநூலார் உடன் சென்றனர். அவர்களுக்குரிய செலவை ஆண்ட்ரூ கார்னெகி முதலிய செல்வர்கள் ஏற்றனர். தமக்கும் மகனுக்கும் ஆகும் செலவை ரூஸ்வெல்ட் ஸ்கிரிப்னர்ஸ் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி, அதற்குரிய 50,000 டாலரிலிருந்து செலுத்தினார்.

வெப்ப நாட்டில் உரித்த தோலை உடனே உப்பிட்டுப் பதப்படுத்தாவிடின் சில மணி நேரத்தில் அழுகிவிடும். ஆகவே அவர்கள் கொண்டு சென்ற உப்பு மட்டும் 4 டன்! சுமையாள் ஒருவனுக்கு 60 ராத்தல் என்பது அந்நாட்டுக் கணக்கு. கணக்கிட்டுப் பார்த்தேன். அவ்வுப்பை ஒரே நடையில் தலைச்சுமையாகக் கொண்டு செல்வதாயின், உப்புக்கு மட்டும் 130 ஆளுக்குக் குறையாது வேண்டும். துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோர் ஆயிரம் பேர். உப்பைப் பற்றி நினைப்பவன் ஒருவன். வெற்றி அவனுடையது. எலிப்பொறிகளும், சாராய ஜாடிகளும், கூடாரங்களும், தகரப் பெட்டியில் அடைத்த உணவும் சென்றன. நாட்டு நினைவு வந்தால் உண்பதற்காக பாஸ்டன் அவரையும் கலிபோர்னியப் பீச்சுப் பழமும் சில டப்பாக்கள் இருந்தன. சொந்த ஊரிலிருந்து வடகமும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு வரும் நமக்கு இது புதிதன்று.

மற்றொரு பெட்டி. அதில் ஏறத்தாழ 60 நூல்கள். சாதாரண அட்டை வியர்வையிலும் இரத்தத்திலும் துப்பாக்கி எண்ணெயிலும் நைந்துவிடும் என்பதால் அனைத்தும் பன்றித்தோலால் கட்டப்பட்டன. ஹோமர், தாந்தே, ஷேக்ஸ்பியர் எல்லாரும் அதிலிருந்தனர். அப்பெட்டியும் ஓர் ஆள் சுமக்கும் 60 ராத்தலுக்குள் அமையுமாறு செய்யப்பட்டது. மர நிழலில், சுட்ட விலங்கின் அருகில் அமர்ந்தும் அவர் படித்துக்கொண்டிருப்பார்.

1909 மார்ச் 23ஆம் நாள் நியூயார்க்கை விட்டுக் கப்பலேறினார். அவரது அரசியல் பகைவர் சிலர், சிங்கங்கள் தம் கடமையைச் செய்யட்டும் என்று வேடிக்கையாக வாழ்த்தினராம். நேப்பிள்ஸில் கப்பல் மாறி, ஏப்ரல் 21ஆம் நாள் மொம்பாசாத் துறைமுகத்தில் இறங்கினார்.

மொம்பாசாவிலிருந்து உள்நாட்டுக்கு உகாண்டா ரயில்வே. இந்தியராகிய நாம் இங்குச் சற்று நிற்க வேண்டும். 1896 முதல் 1901 வரை அவ்விருப்புப்பாதையை இட்டவர்கள் இந்தியத் தொழிலாளரே. பெரும்பாலும் பஞ்சாபியர். ஒப்பந்தத்தின்பேரில் சென்றோர் ஏறத்தாழ 32,000 பேர். நோயாலும் விபத்தாலும் அங்கேயே மடிந்தோர் ஏறத்தாழ 2,500 பேர். பாதையும் நம் நாட்டில் வழங்கிய மீட்டர் கேஜ் பாதையே. 1898இல் சாவோ ஆற்றுப் பாலத்து வேலையின்போது இரண்டு ஆட்கொல்லிச் சிங்கங்கள் அத்தொழிலாளரை இரவுதோறும் கூடாரத்திலிருந்து இழுத்துச் சென்ற செய்தியை, பாட்டர்சன் என்னும் பொறியாளர் எழுதிய நூலில் ரூஸ்வெல்ட் முன்னரே படித்திருந்தார். அப்பாதையில்தான் அவர் இப்போது சென்றார். எங்கே அமர்ந்து? இன்ஜினின் முகப்பில், மாடுகளை ஒதுக்கித் தள்ளும் இரும்புச் சட்டத்தின்மேல், நம்மவர் ‘கௌகேச்சர்’ என்பதன்மேல், பலகையொன்று போட்டு! செலூஸும், அந்நாட்டுத் தற்காலிகக் கவர்னரும் பக்கத்தில். இருபுறமும் வரிக்குதிரையும் மானும் ஒட்டைச்சிவிங்கியும் அணிவகுத்து நின்றன. இன்று எவரேனும் இன்ஜின் முன்னே அமர்ந்தால் என்ன நேரும் என்பதை நம் காலனியாருக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

கபிடி என்னும் சிறு நிலையத்தில் இறங்கியபோது இருநூற்றுக்கு மேற்பட்ட சுமையாட்கள் காத்திருந்தனர். கன்னிங்காம் என்ற தேர்ந்த வேட்டைக்காரர் பயணத் தலைவர். ஓராண்டுக்கு அணித்தாகக் கென்யா, உகாண்டா நாடுகளில் அவர்கள் சுற்றினர். எல்லாவற்றையும் கூறேன், ஒன்று மட்டும். கென்யா மலையடிவாரக் காட்டில் ரூஸ்வெல்ட் முதல் யானையைக் கண்டார். இரட்டைக் குழலின் முதல் வெடிக்கு அது தடுமாறிற்று, இரண்டாவதற்கு விழுந்தது. இரு குழலும் காலியான அந்நொடியில், பக்கத்துப் புதரைக் கிழித்துக்கொண்டு மற்றொரு களிறு பாய்ந்து வந்தது. துதிக்கை எட்டிப் பிடிக்கும் தூரம். தோட்டாக்களை வெளியேற்றிக்கொண்டே மரமொன்றின் பின்னே ஒதுங்கினார். கன்னிங்காம் சுட, அது திரும்பி ஓடிற்று. ஓராண்டுக் கடிதங்களாலும் காண்குறித் திருத்தங்களாலும் முன்கூட்டி அறிய முடியாத நொடி அது.

இனி என் வழக்கு. தந்தையும் மகனுமாகச் சுட்ட பெருவிலங்குகள் 512. தந்தை 296, மகன் 216. சிங்கம் 17, யானை 11, காண்டாமிருகம் 20. சிற்றுயிர்களையும் சேர்த்து ஏறத்தாழ 11,400 உயிர்கள் ஸ்மித்சோனியனுக்குச் சென்றன. ஆராய்ச்சிக்கென்று பெரும்பகுதியை ஒப்புக்கொள்ளலாம். அவற்றைக் கொண்டு புலவர்கள் பல்லாண்டு நூல் எழுதினர். உணவுக்கெனச் சுட்டவையும் உண்டு. இருநூறு பேர் உண்ண வேண்டுமே. ஆனால் 1910 ஜனவரியில் நைல் நதிக்கரையில், லாடோப் பகுதியில் அவர்கள் தங்கியது வடவகை வெள்ளைக் காண்டாமிருகத்துக்காக. அது அப்போதே அரிதென்று அவர் அறிவார். அதன் தென்னகத்து இனம் துப்பாக்கியால் ஏறத்தாழ ஒழிந்துபோனதையும் அறிவார். அறிந்தே இருவருமாக 9 சுட்டனர். அருங்காட்சியகக் குழுவுக்குச் சில போதாவோ? பைசன் எலும்புக் குவியலைக் கண்டு வருந்திய மனிதர், ஐந்தாவதைச் சுடும்போது என்ன நினைத்தார்? காக்கும் மனமும் சுடும் கையும் அவரிடத்தே ஒன்றையொன்று அறியாமல் வாழ்ந்தன என்றே எனக்குத் தோன்றுகிறது. அவரை விரும்பும் யான், இதனை மட்டும் இன்றுவரை செரித்துக்கொள்ள முடியவில்லை. அவ்வினத்தை அழித்தது பிற்காலத்துக் கொம்புத் திருடரும் உள்நாட்டுப் போர்களுமே. அவர் சுட்ட ஒன்பது அன்று. வழக்கில் இதனையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதன் கடைசி ஆண் விலங்கு 2018 மார்ச்சில் கென்யாவில் இறந்தது. அப்போது எஞ்சியவை தாயும் மகளுமாக இரண்டு பெண் விலங்குகள்; துப்பாக்கி ஏந்திய காவலர்கள் அல்லும் பகலும் அவற்றைக் காத்தனர்.

1910 மார்ச் 14ஆம் நாள் கார்ட்டூம் நகரையடைந்து, அங்கு வந்து காத்திருந்த மனைவி எடித்தையும் மகள் எதெலையும் கண்டார். பின்னர் மீண்டும் ஜனாதிபதி தேர்தலில் நின்றதும், 1912 அக்டோபரில் மில்வாக்கி நகரில் ஒருவன் அவர் மார்பிற் சுட, சட்டைப்பையிலிருந்த கண்ணாடிக்கூடும் மடித்து வைத்த சொற்பொழிவுத் தாள்களும் ரவையின் வேகத்தைத் தணித்ததும், இரத்தம் கசிய அவர் பேசி முடித்ததும் பலர் அறிந்தவை. சிறு வயதில் வேண்டா வெறுப்பாய் அல்ல, விரும்பி அணிந்த கண்ணாடி அன்று கைம்மாறு செய்தது. தேர்தலில் தோற்றார். 1914இல் பிரேசில் நாட்டுக் காட்டாறு ஒன்றின் வழியே சென்று, காய்ச்சலாலும் கால் புண்ணாலும் சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டார். 1918இல் இளைய மகன் குவென்டின் பிரான்ஸில் விமானப் போரில் மடிந்தான்.

1919 ஜனவரி 6ஆம் நாள், நியூயார்க்குக்கு அருகிலுள்ள தம் சாகமோர் ஹில் இல்லத்தில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 60. அவ்வீட்டின் மேல்மாடியில் துப்பாக்கி அறை என்றே ஓர் அறை உண்டு. அங்கமர்ந்து எழுதுவது அவர் வழக்கம். பக்ஸ்டனும் பிறரும் பரிசளித்த இரட்டைக் குழல் ரைபிள், பின்னாளில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகர அருங்காட்சியகத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டது.